அம்மாவின் குழைந்த சாதம்

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது, பல வருடங்களாகச் சர்க்கரை. ஈறு வீங்கி ரத்தம் வருகிறது, கீழ்வரிசையில் இரண்டு பல் ஆடுகிறது. பல் டாக்டர், "சர்க்கரை ஒரு காரணம், உடம்பின் எதிர்ப்பு சக்தியே எலும்பைக் கரைக்கிறது" என்றார். எதிர்ப்பு சக்திப் பொடி ஒன்று விற்கிறார்கள், வாங்கிக் கொடுக்கலாமா? அம்மா, "வயசானா பல் விழத்தான் செய்யும்" என்கிறார். ஒரு வருஷமாக மூன்று வேளையும் ரசம் விட்டுக் குழைந்த சாதம்தான், அதனால் சாப்பாட்டுக்குச் சிரமம் இல்லை. செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், போய்க் காட்டுங்கள் என்று பலமுறை சொல்லிவிட்டேன். பல் தேய்க்கும்போது எனக்கும் லேசாக ரத்தம் வரும், அது பெரிதாக ஒன்றுமில்லை.
(கரூர் வாசகர், வயது 36)

பதில்: பொடி வேண்டாம் தம்பி. ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் அந்தக் குழைந்த சாதத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். சிரமம் இல்லாத மனுஷி எதற்காக ஒரு வருஷம் முழுக்கக் கரைத்துக் குடிக்கிறார்? கடிக்க முடியவில்லை, அதுதான் விஷயம். முதலில் முறுக்கை விட்டிருப்பார், அப்புறம் சுண்டல், கொய்யா, பொரியல் என்று ஒவ்வொன்றாக ஒதுக்கியிருப்பார், நீங்களும் அதே வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்? அது தட்டில் தெரிந்தது, ஆனால் நீங்கள் பார்க்கவில்லை. சர்க்கரை உள்ளவருக்கு மூன்று வேளையும் குழைந்த சோறு என்றால் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று ஏறும், அந்தச் சர்க்கரை ஈற்றை இன்னும் கெடுக்கும், ஈறு கெட்டால் கடிக்க முடியாது, மறுபடியும் குழைந்த சோறு. இதைத்தான் 'சிரமம் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

டாக்டர் சொன்னது சரி. நீங்கள்தான் பாதி கேட்டுவிட்டுப் பொடிக்குப் போய்விட்டீர்கள். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் கிருமிகள் படலமாகப் படியும். அதை அழிக்க உடம்பு வெள்ளை அணுக்களை அனுப்பும். அவை கிருமியைக் கொல்ல விடும் நொதிகள், ஈற்றைப் பல்லோடு பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் நாரையும் சேர்த்து அரித்துவிடும். படலமோ பல்லில் ஒட்டிக்கொண்டு ஈற்றுக்கு அடியில் இறங்கிவிடுவதால் அழியாது, அதனால் அழற்சியும் ஓயாது. கடைசியில் அந்த அழற்சி, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது, தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது, பல் ஆடுகிறது. சர்க்கரை இருந்தால் இரட்டைக் கேடு: வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதில் தடுமாறும், கிளம்பிய அழற்சியும் சீக்கிரம் அடங்காது. இதில் எதை ஏற்ற, எதை இறக்க ஒரு பொடியால் முடியும்?

ஒரே அழுக்கு எல்லோரையும் ஒரே மாதிரி கெடுக்காது என்பதற்கு இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஆய்வு பெரிய சாட்சி. 1970-ல் தொடங்கி 15 வருஷம், பல் வைத்தியமே பார்க்காத 480 ஆண் தொழிலாளர்களை ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு ஆய்வாளரின் குழு தொடர்ந்து கவனித்தது. எல்லோர் வாயிலும் அழுக்கும், அது பல்லில் கல்லாக இறுகிய காரையும் ஏராளம். ஆனாலும் சுமார் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, 8 சதவீதம் பேருக்கு மளமளவென்று எலும்பு போய்ப் பற்கள் விழுந்தன, மற்றவர்கள் இரண்டுக்கும் நடுவில். அவரவர் உடம்பு எப்படிப் பதில் கொடுக்கிறது என்பதில் அவ்வளவு வித்தியாசம். ஆனால் உடம்பின் சுபாவத்தை நம்மால் மாற்ற முடியாது தம்பி, அழுக்கை எடுக்கவும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும் முடியும். அதைச் செய்யாமல் வயசைக் குறை சொல்வது எனக்குப் பொறுக்காது. வயசானதால் மட்டும் யாருக்கும் பல் விழுவதில்லை.

'பலமுறை சொல்லிவிட்டேன்' என்று எழுதியதையும் விடப்போவதில்லை. உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா காசைக் கையில் கொடுத்துப் போய்க் காட்டு என்றாரா, தூக்கிக்கொண்டு ஓடினாரா? நம் வீட்டு அம்மாக்கள் தங்களுக்காக ஒரு ரூபாய் கேட்க மாட்டார்கள். 'எனக்கு எதுக்குப்பா' என்று அவர் சொன்னால் அதைப் பிள்ளை சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போவது பிள்ளையின் கடமை. இதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது.

ஈறு நோய்க்கென்றே படித்த சிறப்பு மருத்துவரிடம் போங்கள். செலவு இடித்தால் புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னையிலும் சிதம்பரத்திலும் கூட உண்டு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். எக்ஸ்ரே எடுத்து, எலும்பு எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, ஈற்றுக்கு அடியில் இருக்கும் காரையைச் சுரண்டி எடுப்பார்கள். அது முடிந்தபின் பல் இடுக்கில் இடைவெளி தெரியலாம், பல்லும் கொஞ்சம் கூடுதலாக ஆடுவது போல இருக்கலாம். காரைதான் இத்தனை நாள் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. இதைப் பார்த்து, 'கிளீன் பண்ணித்தான் பல் கெட்டுப்போச்சு' என்று சொல்லிப் பாதியில் நிறுத்துகிறவர்கள் ஏராளம், நீங்கள் நிறுத்த விடாதீர்கள். போன எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். ஈறு வைத்தியம் ஒழுங்காக நடந்தால் ஹெச்பிஏ1சி மூன்று, நான்கு மாதத்தில் சராசரியாக 0.4 புள்ளி அளவுக்கு இறங்குவதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சர்க்கரை டாக்டரிடமும் இதைச் சொல்லுங்கள். குழைந்த சாதத்துக்குப் பதிலாக இப்போதைக்கு நன்றாக வேகவைத்த பருப்பு, மசித்த கீரை, முட்டை என்று கொடுக்கலாம். அதை அவரே செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் உங்கள் லேசான ரத்தம். அதே லோ, 1965-ல் டென்மார்க்கில் ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது, மறுபடி துலக்கத் தொடங்கி ஒரு வாரம் போல ஆனதும் சரியாகிவிட்டது. நீங்கள் அந்தக் கட்டத்திலேயே இருந்தால் முழுக்கத் திரும்பலாம், ஆனால் ஏற்கெனவே எலும்பைத் தொட்டுவிட்டதா என்பது பரிசோதித்தால்தான் தெரியும். புகை பிடிப்பவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், புகை ஈற்றில் ரத்தக்கசிவைக் குறைத்து நோயை மறைத்துவிடும். அம்மாவைக் கூட்டிப்போகும் அன்றைக்கே உங்கள் பெயருக்கும் ஒரு ஓபி சீட்டு போடுங்கள், சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.