கணுக்கால் வலி போச்சு, கீழே புதுசா வலிக்குதே?

கேள்வி: எனக்கு வயது 54. ஆட்டோ கவிழ்ந்து நொறுங்கிய வலது கணுக்காலை ஆறு வருடத்துக்கு முன் ஸ்க்ரூ போட்டு, அசையாதபடி சேர்த்துவிட்டார்கள். பழைய வலி அடியோடு போய்விட்டது. இப்போது ஒரு வருடமாக அதற்குக் கீழே, வெளிப்பக்கம் வலிக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்குப் போய் வைகை மணலில் நடந்ததில் நான்கு நாள் காலை ஊன்ற முடியவில்லை. ஆபரேஷன் கெட்டுப்போச்சா டாக்டர்?
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. பழைய வலி இத்தனை வருடம் எட்டிப் பார்க்கவில்லை என்றால், சேர்த்த எலும்பு நன்றாக ஒட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். வலிப்பது பக்கத்து மூட்டாக இருக்கலாம்.

கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கணுக்காலைப் பூட்டிய பிறகும் பாதம் கொஞ்சம் அசையும். அந்த அசைவு நடுப்பாதத்துச் சின்ன மூட்டுகளிலிருந்து வருகிறது. சாதாரணமாக நடக்கும்போது கணுக்கால் மேல்நோக்கி 10 டிகிரியாவது மடங்கும். அந்த வேலையை இப்போது இவைதான் இழுத்துப்போட்டுச் செய்கின்றன. கணுக்காலுக்கும் குதிகாலுக்கும் நடுவே இன்னொரு மூட்டு உண்டு. மேடு பள்ளத்துக்கு ஏற்பப் பாதத்தை உள்ளும் வெளியும் சாய்ப்பது அதன் பிறவி வேலை. மணலில் குதிகால் புதைந்து புதைந்து சாய்கிறது. மேலே கணுக்கால் விட்டுக்கொடுப்பதில்லை. முழு இழுப்பும் அந்த மூட்டின் தலையில்தான். வெளிக் கணுக்கால் முட்டிக்குச் சற்று முன்னால் ஒரு குழி இருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே சுருக்கென்றால் சந்தேகம் அந்த மூட்டின் மேல்தான்.

2001-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, இப்படிக் கணுக்கால் சேர்த்த 23 பேரைச் சராசரியாக 22 வருடம் கழித்துப் பார்த்தது. பெரும்பாலோருக்கு அந்தப் பாதத்தின் பக்கத்து மூட்டுகள் மற்றக் காலைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தன. முழங்காலில் அப்படித் தெரியவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் ஆபரேஷன் மேல் போடவும் முடியாது. ஆட்டோ கவிழ்ந்த அன்றே கீழ் மூட்டும் அடிபட்டிருக்கலாம்.

நான் முதலில் மாற்றச் சொல்வது செருப்பை. அடிப்பாகம் வளையாமல், முன்பக்கம் படகு மாதிரி மேலே வளைந்த செருப்பு வேண்டும். பாதம் மடங்காமலே உருண்டு முன்னே போய்விடும். நடு மூட்டுகளுக்கு அவ்வளவு சுமை குறையும். மெத்தென்ற எம்.சி.ஆர் செருப்பு மட்டும் போதாது, அந்த வளைவு முக்கியம். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். குத்தவைத்து உட்காருவதை விடுங்கள். கணுக்கால் மடங்காது, குதிகால் தூக்கிக்கொள்ளும், பாரமெல்லாம் முன்பாதத்துக்குப் போகும். வெஸ்டர்ன் டாய்லெட்டும் ஒரு ஸ்டூலும் உங்களுக்கு அவசியம். அழகர்கோவில் மலைக்கு இப்போதைக்கு வண்டியிலேயே போய் வாருங்கள்.

பிறகு எலும்பு மூட்டு மருத்துவரிடம் போய், நின்றபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். படுத்து எடுத்தால் உடல் பாரம் ஏறும்போது மூட்டு எப்படி இருக்கிறது என்று தெரியாது. சந்தேகம் தீராவிட்டால் அந்த மூட்டில் மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். வலி சட்டென்று அடங்கினால் இடம் உறுதி. அதையும் சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள், அடுத்த மூட்டின் மேல் இன்னும் பாரம் ஏறும். சர்க்கரை இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆறு வருடத்துக்கு முந்தைய எக்ஸ்ரே படங்கள் பீரோவில் இருந்தால் அவற்றையும் எடுத்துப் போங்கள்; கீழ் மூட்டு அன்றைக்கு எப்படி இருந்தது என்பது அதில்தான் தெரியும்.