டெல்டாவில் மேடு ஏது, 21 கியர் எதுக்கு? சைக்கிள் கேள்வி-பதில்

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறக்கிறார்களோ இல்லையோ, பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுகிறார்கள். கூடவே எனக்கு சைக்கிள் கேள்விகளும் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்ததில் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (தாராசுரம்): பையன் ஒன்பதாவது போகிறான் அண்ணா. பள்ளி கும்பகோணத்தில், ஒருவழிக்கு ஐந்து கிலோமீட்டர் வரும். 21 கியர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், பெருத்த டயர் என்று ஒரே பிடியாக நிற்கிறான். ஆன்லைனில் கடையைவிட விலை குறைவு. வாங்கலாமா?

பதில்: தாராசுரத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே மேடு என்று ஒன்றைக் காட்டுங்கள், 21 கியர் வாங்க நானே சொல்கிறேன். நம் பக்கம் மேடு என்றால் ஆற்றுப் பாலமும் கரையும்தான். மிச்சமிருப்பது காற்று. ஆடியில் மேலக்காற்று காலையில் பையனின் முதுகைத் தள்ளும், சாயங்காலம் நெஞ்சில் மோதும், அப்போது ஒரு கியர் இருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றத்தான் செய்யும். அதற்குப் பின்னால் மட்டும் ஆறோ ஏழோ பல்சக்கரம் இருந்தால் தாராளம். 21 என்பது முன்னால் மூன்று, பின்னால் ஏழு, இரண்டையும் பெருக்கிச் சொல்கிற கணக்கு, அவ்வளவுதான். அதில் பல கியர்கள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட சமம், சிலவற்றைப் போட்டால் செயின் குறுக்காக இழுபட்டு கறகற என்று உரசும்.

டிஸ்க் பிரேக் ஐப்பசி அடைமழையில் நன்றாகப் பிடிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பள்ளி ஸ்டாண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துக் குவிக்கிறார்களே, அதில் அந்த மெல்லிய தகடு லேசாக வளைந்தாலும் சர் சர் என்று உரசல் ஆரம்பித்துவிடும். தகடும், அதைக் கவ்விப் பிடிக்கும் பேடும் உங்கள் தெருமுனைக் கடையில் கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்பே போய்க் கேட்டுவிடுங்கள். நான் சைக்கிள் வாங்கச் சொல்லும் ஒரே விதி இதுதான்: பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற தூரத்தில் அதற்கு மெக்கானிக்கும் உதிரிபாகமும் இருக்க வேண்டும். அலாய் ரிம், ரிம்மை இரண்டு பக்கமும் கட்டையால் பிடிக்கும் வி பிரேக், நடுத்தர அகல டயர் உள்ள வண்டியை எந்தக் கடையிலும் பார்த்துக் கொடுப்பார்கள். பெருத்த டயர் பார்க்க புல்லட் மாதிரி இருக்கும், மிதிக்கும்போது மூட்டை ஏற்றின மாதிரி இருக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் கவட்டை இருக்கிறதே, ஃபோர்க், அதில் ஸ்பிரிங் வைத்த மலிவு வகையும் அப்படித்தான், எடை கூடுமே தவிர பள்ளத்தில் சுகம் ஒன்றும் பெரிதாகக் கிடையாது.

ஆன்லைன் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். பெட்டியில் வருவது முழு சைக்கிள் இல்லை. ஹேண்டில்பார், முன்சக்கரம், பெடல், சீட் எல்லாம் நாமே பூட்ட வேண்டும். தெருவில் போகும் வண்டிகளைக் கொஞ்சம் கவனியுங்கள், முன்ஃபோர்க்கை முன்பின்னாகத் திருப்பி மாட்டி ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! ஃபோர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும், முன்டிஸ்க் இருந்தால் அது ஓட்டுகிறவரின் இடது கைப் பக்கம் வர வேண்டும். திருப்பி மாட்டினால் வளைவில் கால்விரல் முன்சக்கரத்தில் போய் இடிக்கும். அப்புறம் இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். பெடல் அச்சில் எல், ஆர் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும், அதைப் பார்க்காமல் ஸ்பேனரால் அமுக்கித் திருகினால், பெடல் பூட்டுகிற கிராங்க் கம்பியின் மரை போய்விடும், அது நீங்கள் பூட்டியதில் வந்த கோளாறு என்று வாரண்டியும் கிடைக்காது. மிச்சம் பிடித்த பணத்தில் பாதியைப் பூட்டுக்கூலியாகக் கொடுப்பதற்கு, கடையிலேயே பேரம் பேசிவிடலாம்.

இன்னொன்று. பையன் படிப்பது அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ என்றால் பிளஸ் ஒன்னில் அரசின் இலவச சைக்கிள் வரும். இரண்டு வருஷத்துக்காக உங்கள் சக்திக்கு மீறிச் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி (மன்னார்குடி): புது சைக்கிள் வாங்கி இருபது நாள்தான் சார் ஆகிறது. சீட் குழாய்க்குக் கீழே வெல்டிங் விட்டுப்போச்சு. கடைக்காரர் 'கம்பெனிக்கு அனுப்புறேன்' என்று ஒரு வாரமாக இழுக்கிறார். பில் கேட்டால் 'எஸ்டிமேட்' என்று எழுதிய வெள்ளைச் சீட்டைக் காட்டி, விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்கிறார்.

பதில்: முதலில் அந்த வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள், எங்கேயாவது பட்டறையில் ஒரு வெல்டிங் வைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். வெளியில் வெல்டிங் வைத்த ஃபிரேமைக் காட்டி மாற்றித் தரக் கேட்டால் எந்தக் கம்பெனியும் கையை விரிக்கும். விரிசலைப் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் வைத்து போட்டோ எடுங்கள். வண்டியைத் தலைகீழாகப் போட்டு, பெடல் அச்சு போகும் குழாயின் அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

'திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற போர்டு குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், அப்படிக் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அதே வகைதான். உங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதனால் இன்றே ஒரு கடிதம் எழுதி கடைக்காரருக்கும் கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பிலும் போடுங்கள், அவர் 'பாக்குறேன்' என்று பதில் போட்டால் அதுவும் ஒரு சான்றுதான். பணத்தை ஜிபேயில் கொடுத்திருந்தால் அந்த ரசீதும் கையில் இருக்கட்டும்.

அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பல கம்பெனிகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். இல்லையா, திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய இடம் எதுவாக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்ச ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு.

ஜிஎஸ்டி போட்டால் விலை ஏறிவிடும் என்று பயமுறுத்தித்தான் இந்த வெள்ளைச் சீட்டு வியாபாரமே நடக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகத்துக்கும் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. அந்த அஞ்சு சதவீதத்துக்குப் பயந்து பில்லை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): காலையில் புது ஆற்றங்கரையில் சைக்கிள் ஓட்டுகிறேன். நடப்பவர்கள் மூன்று பேர் நாலு பேராக வழியை அடைத்துக்கொண்டு போகிறார்கள், காதில் வேறு மாட்டியிருக்கிறார்கள். ஆறு விதமாகச் சத்தம் போடும் எலக்ட்ரிக் ஹார்ன் பார்த்தேன், வாங்கலாமா தம்பி?

பதில்: வேண்டாம் ஐயா. முதுகுக்குப் பின்னால் திடீரென்று ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் மனுஷன் எந்தப் பக்கம் துள்ளுவான் என்று சொல்லவே முடியாது, ஒரு பக்கம் சைக்கிள், ஒரு பக்கம் வாய்க்கால். சாதா 'டிங்' பெல்லே போதும், ஆனால் கிட்டத்தில் போய் அடிக்காதீர்கள். நன்றாகத் தள்ளி வரும்போதே ஒருமுறை, திரும்பவில்லை என்றால் மெதுவாக்கி இன்னொருமுறை. காதில் மாட்டியவருக்கு எந்த பெல்லும் கேட்காது, நடக்கிற வேகத்துக்கு இறங்கி, 'கொஞ்சம் ஓரமா' என்று சொல்லிக் கடப்பதுதான் வழி. பேரப்பிள்ளையைக் கைபிடித்து நடப்பவரைக் கண்டால் பெல்லே வேண்டாம், இறங்கித் தள்ளிவிடலாம், அதில் என்ன குறைந்துவிடும்? ஹார்னுக்கு வைத்திருந்த பணத்தில் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு வாங்குங்கள். விடியுமுன் அந்தக் கரையில் வரும் பைக்குக்காரருக்கு நீங்கள் தெரிய வேண்டும்.

கேள்வி (பாபநாசம்): 26 டயர் என்று கேட்டுத்தான் வாங்கி வந்தேன், ரிம்மில் உட்காரவே மாட்டேன் என்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவர் ஏமாற்றவில்லை, அந்த எண்தான் ஏமாற்றியது. நானும் இதே பள்ளத்தில் விழுந்தவன்தான், மகளின் லேடீஸ் சைக்கிளுக்கு டயர் வாங்கி வந்து, இரண்டு ஸ்பேனரை விட்டு நெம்பி, டியூபைக் கிழித்து, அப்புறம்தான் டயரின் பக்கவாட்டில் இருந்த எழுத்தைப் படித்தேன். 26-இல் குறைந்தது இரண்டு ஜாதி உண்டு. 26 x 1⅜ என்பது பழைய லேடீஸ் சைக்கிள் வகை, பக்கத்தில் 37-590 என்று இருக்கும். 26 x 1.95 என்பது பெருத்த டயர், அதில் 50-559. பின்னால் வரும் எண் ரிம்மில் டயர் உட்காரும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டுக்கும் 31 மில்லிமீட்டர் வித்தியாசம், எப்படி உட்காரும்? 28-லும் இதே கூத்துதான், பழைய பெரிய சைக்கிளுக்கு 635, இப்போதைய 700சி வண்டிக்கு 622. பழைய டயரைக் கையோடு கொண்டுபோங்கள், அல்லது அந்தக் கடைசி மூன்று எண்ணைப் போட்டோ எடுத்துப் போங்கள். மாட்டி மண் படாத டயர் என்றால் பெரும்பாலான கடைகளில் மாற்றித் தருவார்கள், பில் இருந்தால்.

கேள்வி (வேதாரண்யம்): உப்பளத்துக்குப் போய்வரும் சைக்கிள். ஆறு மாதத்தில் செயின் துருப்பிடித்துவிடுகிறது, டியூபில் தினமும் காற்று இறங்குகிறது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ள என்னென்ன வாங்கி வைக்க?

பதில்: உப்புக் காற்றோடு ஜெயிக்க முடியாது, தள்ளிப்போடலாம். வாரம் ஒருநாள் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, நிழலில் காயவிட்டு, அதற்குப் பிறகு எண்ணெய். ஈரச் செயினில் எண்ணெய் விட்டுப் பயனில்லை. செயினில் ஒவ்வொரு கண்ணியின் உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி உள்ளே இறக்கிவிட்டு, வெளியில் இருப்பதைத் துணியால் வழித்துத் துடைத்துவிட வேண்டும். வழிய வழிய விடுவதுதான் நம்மூர்ப் பழக்கம். பைக் மெக்கானிக்கிடம் வாங்கிய கறுப்பு எண்ணெயோடு மண் சேர்ந்தால் அது அரைக்கும் பசைதான். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துவிடும். தையல் மிஷின் எண்ணெய் பரவாயில்லை, ஆனால் மெலிசு, உங்கள் ஊரில் வாரம் ஒருமுறை விட வேண்டியிருக்கும். துரு நீக்குகிற ஸ்ப்ரே டப்பா துருவை இளக்கத்தான், அதை எண்ணெய் என்று நம்பி விடாதீர்கள்.

செயின் மாற்றும் நேரத்தை இஞ்ச் ஸ்கேலை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் 12 இஞ்சிலும் சரியாக ஒரு பின்னின் நடு வரவேண்டும். அது எட்டில் ஒரு பங்கு இஞ்ச், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். பாவம் பார்த்து ஓட்டினால் தேய்ந்த செயின், பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரமான ஃப்ரீவீலின் பல்லையும் தின்றுவிடும், அப்புறம் இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டும்.

தினமும் காற்று இறங்குகிறதே, பஞ்சர் கடைக்கு ஓடுமுன் வால்வ் வாயில் கொஞ்சம் எச்சிலைத் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி கிளம்பினால் டியூபில் கோளாறு இல்லை, வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாயான வால் டியூப் உளுத்துவிட்டது. ஒரு டீக்காசுகூட ஆகாது, இரண்டு மூன்று வாங்கி சீட்டுக்கு அடியில் செருகி வையுங்கள். அது சரியாக இருந்து மறுபடி மறுபடி அதே இடத்தில் பஞ்சரானால் டயருக்குள் முள் மிச்சமிருக்கிறது. சீமைக் கருவேலமுள் முனை ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நின்றுவிடும், வெளியிலிருந்து தெரியாது. டியூபை எடுத்தபின் பஞ்சை டயரின் உள்ளே ஒரு சுற்று இழுத்துப் பாருங்கள், முள் இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கி நிற்கும். விரலை விட்டுத் தேடினால் விரல்தான் கிழியும்.

வாங்கி வைக்க வேண்டியது ஒரு நல்ல கைப்பம்ப், ஒரு ஸ்பேனர் செட், பஞ்சர் ஒட்டும் சாமான். மற்றதற்குக் கடை இருக்கிறது.

கேள்வி (திருவாரூர்): ரிட்டயர் ஆகிவிட்டேன், முட்டிவலி. பேட்டரி சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: மோட்டார் 250 வாட்டுக்கு மேற்படாமல், வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டாமல் இருந்தால் லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். கடையில் 'லாக்கை எடுத்துவிட்டால் நாற்பதில் போகும்' என்பார்கள், எடுத்துவிட்டால் அது சைக்கிள் கணக்கில் வராது. வாங்குமுன் பேட்டரியை அணைத்துவிட்டு ஒரு கிலோமீட்டர் மிதித்துப் பாருங்கள். வழியில் சார்ஜ் தீர்ந்தால் உங்கள் முட்டிதான் இழுத்து வரவேண்டும்.

கேள்வி (நீடாமங்கலம்): அப்பா ஓட்டிய பழைய பெரிய சைக்கிள் கொல்லையில் கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போடலாமா, ஓவராயில் பண்ணலாமா?

பதில்: பெயிண்ட்டையும் டயரையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குழாய்கள் சேரும் மூட்டுகளில் ஈரத் துணியால் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பெடல் அச்சுப் பக்கம் அடிக்குழாயைச் சாவியால் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே தின்றிருக்கிறது, இரும்புக்கடைக்கே அனுப்பிவிடுங்கள். ஃபிரேம் தேறினால் பண்ணலாம், உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது. ஓவராயில் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், எந்தெந்த சாமான் மாற்றினார் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய சாமானைப் பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். சக்கர அச்சில் உருளும் குண்டுகளான பால்ஸ், அவை உட்கார்ந்து உருளும் கோன், இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், பள்ளம் விழுந்த கோனில் புது பால்ஸ் போட்டால் ஒரு மாதத்தில் திரும்பவும் கடகடக்கும். சக்கரத்தில் கோட்டம் எடுத்தபின் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி ஒரே அளவாக ஓடுகிறதா என்று பார்த்தபிறகு காசைக் கொடுங்கள். பழைய தோல் சீட் இருந்தால் அதைக் கடைக்காரர் 'நான் எடுத்துக்குறேன்' என்பார். கொடுக்காதீர்கள்.