வீட்டில் வாயில்லாப் பூச்சி, ஆபீஸில் வாயாடி: இதில் நிஜமான நான் யார்?

கேள்வி: எனக்கு வயது 28. வீட்டில் என்னை 'வாயில்லாப் பூச்சி' என்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் அப்பாவும் அண்ணனும் பேசுவார்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆபீஸில் நேர் எதிர். எட்டுப் பேர் குழுவை நடத்துகிறேன், வாதாடுகிறேன், கிண்டலடிக்கிறேன். சமீபத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது நான் வீடியோ காலில் பேசியதைக் கேட்ட அண்ணன், "ஆபீஸ்ல நல்லா நடிக்கிறே" என்றார். அதிலிருந்து மனசே சரியில்லை. எது நடிப்பு? வீட்டிலும் பேசுகிறவளாக மாற முடியுமா?

பதில்: இரண்டுமே நீங்கள்தான். உங்கள் அண்ணனுக்குத் தெரிந்தது, அவர் எதிரில் இருக்கும்போது நீங்கள் எப்படி என்பது மட்டும். ஒருவரை எத்தனை பேர் அறிந்திருக்கிறார்களோ, அத்தனை சமூக 'நான்'கள் அவருக்கு உண்டு என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதிவிட்டார். ஆளுக்கு ஆள் பேச்சு மாறுவதை உளவியல் பொய்யாகக் கருதுவதில்லை. மேலதிகாரியிடமும் குழந்தையிடமும் ஒரே குரலில் பேசுகிறவரைப் பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும்.

வீட்டு மௌனம் எப்படி உருவானது என்பதுதான் சுவாரசியமான பகுதி. நம்மைப் பற்றிய நம் எண்ணம் மூன்று கட்டமாக உருவாகிறது என்றார் சமூகவியலாளர் சார்ல்ஸ் ஹார்ட்டன் கூலி (1902). எதிரில் இருப்பவருக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று கற்பனை செய்கிறோம். அதை வைத்து அவர் நம்மை எப்படி எடைபோடுகிறார் என்றும் கற்பனை செய்கிறோம். பிறகு அதற்காகப் பெருமையோ வெட்கமோ படுகிறோம். முதல் இரண்டும் நம் ஊகம், மூன்றாவது மட்டும் நிஜமான உணர்ச்சி. கோளாறு இங்கேதான் நுழைகிறது. நம்மைப் பற்றி நாம் நினைப்பது, 'மற்றவர்கள் இப்படி நினைக்கிறார்கள்' என்ற நம் ஊகத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. அவர்கள் உண்மையில் நினைப்பதோடு அந்த அளவுக்குப் பொருந்துவதில்லை. 1979-இல் ஷ்ராகர், ஷோனமன் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்டது இது.

அடுத்தவர் எதிர்பார்ப்பும் சும்மா இருப்பதில்லை. மார்க் ஸ்னைடரும் சக ஆய்வாளர்களும் 1977-இல் ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் போனில் பேச வேண்டும். ஆணிடம் ஒரு புகைப்படம் கொடுக்கப்பட்டது. சிலருக்கு அழகான பெண்ணின் படம், சிலருக்கு அப்படியல்லாத படம். உண்மையில் அது எதிர்முனையில் இருப்பவரின் படமே அல்ல, அந்தப் பெண்களுக்கோ படம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பிறகு பெண்களின் பேச்சை மட்டும் தனியே கேட்ட நடுவர்கள், 'அழகானவர்' என்று நம்பப்பட்டவர்களே அதிகக் கலகலப்பாகப் பேசியதாக மதிப்பிட்டார்கள். ஆண்களின் எதிர்பார்ப்பு அவர்கள் பேச்சில் கலந்து, அந்தப் பெண்களை அப்படியே ஆக்கிவிட்டது. உங்கள் வீட்டிலும் இதேதான். 'இவள் பேசமாட்டாள்' என்று நினைப்பவர் உங்களிடம் கேள்வி கேட்பதில்லை. கேட்டாலும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. நீங்கள் வாய் திறப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. பேசாத ஒருத்தியை இப்படி இரு தரப்பும் சேர்ந்து தினமும் தயாரிக்கிறீர்கள்.

இனி செய்ய வேண்டியது. இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள், கவனியுங்கள். தினம் ஒரு வீட்டு உரையாடலை எடுத்துக்கொண்டு மூன்று வரி எழுதுங்கள்: அவர் சொன்னது அல்லது செய்தது, அவர் என்ன நினைத்ததாக எனக்குத் தோன்றியது, அதற்குப் பிறகு நான் செய்தது. பெரும்பாலோர் முதல் வரியிலேயே சறுக்குவார்கள். 'அண்ணன் சலித்துக்கொண்டார்' என்பது ஊகம், இரண்டாம் வரியில் வர வேண்டியது. 'அண்ணன் போனைப் பார்த்தார்' என்பதுதான் முதல் வரி. இந்தப் பிரிப்பு பழகிவிட்டாலே உங்கள் வெட்கத்தில் எவ்வளவு பங்கு ஊகத்தின் மேல் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் வாரம் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவாக இருக்கலாம், அண்ணன் வேண்டாம், அவரைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் கூடியிருக்கும் சாப்பாட்டு நேரமும் வேண்டாம். அங்கே யார் எப்போது பேசுவது என்பது பல வருடமாகப் படிந்துபோன ஏற்பாடு. தனியாக இருக்கும்போது, பேச்சு தொடங்கி முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு கருத்தைச் சொல்லிவிடுங்கள், "எனக்கு அது பிடிக்கலை, ஏன்னா..." என்கிற அளவுக்கு. வாரம் மூன்று முறை, ஆறு வாரம். ஒவ்வொரு முறையும் ஆள் கையில் போன் இல்லாத நேரமாகப் பாருங்கள். கவனம் சிதறியவரிடம் சொல்லும்போது கதை குறுகிப்போகிறது, சொன்னவர் நினைவிலும் அது சரியாகத் தங்குவதில்லை என்று உளவியலாளர் மோனிஷா பசுபதியின் ஆய்வுகள் காட்டுகின்றன.

தனியறையில் டைரி எழுதி ஆளையே மாற்றிவிடலாம் என்று நம்ப வேண்டாம். ஒரே விதமான நடத்தையைப் பிறர் பார்க்கச் செய்தவர்களிடம், யாரும் அறியாமல் செய்தவர்களைவிட, தம்மைப் பற்றிய எண்ணம் அதிகம் மாறியதை உளவியலாளர் டயான் டைஸ் 1992-இல் காட்டினார். நோட்டு கவனிப்பதற்கு. மாற்றம் ஆள் எதிரில்தான் நடக்கும்.

எதிர்ப்பு வரும். "என்ன இன்னிக்கு வாய் நீளுது?" என்பார்கள். அதில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருக்காது. தெரிந்த ஆள் தெரிந்தபடியே இருந்தால் எல்லோருக்கும் வசதி. உங்களுக்குள்ளும் அதே இழுப்பு உண்டு. தன்னைப் பற்றித் தான் வைத்திருக்கும் படம் நல்லதாக இல்லாவிட்டாலும், அதை உறுதிசெய்பவர்களையே மனிதர் நாடுவதுண்டு என்று உளவியலாளர் வில்லியம் ஸ்வான் விளக்கியிருக்கிறார். ஆகவே கிண்டல் வந்தால் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தை முடியுங்கள். "நான் இனிமே இப்படித்தான்" என்று அறிவிக்காதீர்கள். அறிவித்தால் எல்லோரும் உங்களைச் சோதிக்கத் தொடங்குவார்கள்.

கருத்துக் கேட்பதாக இருந்தால் "நான் எப்படிப்பட்டவள்?" என்று மொட்டையாகக் கேட்க வேண்டாம், உபசாரப் பதில்தான் வரும். "நேத்து நான் பாதியில நிறுத்தினப்போ உனக்கு என்ன தோணிச்சு?" என்று ஒரு குறிப்பிட்ட தருணத்தைக் கேளுங்கள். பொதுவாக நம்மைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருக்கிறது என்பதை நாம் ஓரளவு சரியாகவே ஊகிக்கிறோம். குறிப்பிட்ட ஒருவர் மனதில் என்ன இருக்கிறது என்பதில்தான் தடுமாறுகிறோம்.

ஆறு வாரம் கழித்து நோட்டைப் பாருங்கள். அந்த ஒருவர் உங்களிடம் தானாகக் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தால் அடுத்தவரிடம் போகலாம். இல்லையென்றால் ஆளை மாற்றுங்கள், முறையை அல்ல.

இத்தனையும் வெறும் பழக்கத்தால் வந்த மௌனத்துக்கு. வாய் திறந்தால் திட்டோ அடியோ விழும், செலவுக்குப் பணம் நிற்கும் என்ற பயத்தால் நீங்கள் பேசாமல் இருந்தால், இந்தப் பயிற்சியை வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். முதலில் வெளியே நம்பகமான ஒருவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ பேசுங்கள்.