குடும்பத்தோடு கேட்கலாமா?

கேள்வி: ஹென்றி கவ் என்ற இங்கிலாந்துக் குழுவைப் பற்றி நண்பர் ஓயாமல் பேசுகிறார். ராக், ஜாஸ், ஐரோப்பிய நவீன இசை எல்லாம் கலந்த சுயேச்சையான குழு என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டேன். குடும்பத்தோடு கேட்க முடியவில்லை. இதையெல்லாம் யாருக்காக வாசித்தார்கள்?
— வாசகர், திருப்பூர்

பதில்: குடும்பத்தோடு பார்க்கலாம், குடும்பத்தோடு சாப்பிடலாம், குடும்பத்தோடு கேட்கலாம். இந்த முத்திரையைக் குத்தும் வேலையை நம் பத்திரிகைகள் எடுத்துக்கொண்டு வெகு காலமாயிற்று. அதில் ஒரு ஆசிரியரோடு எனக்குப் பழைய தகராறு. நான் எதைப் பாராட்டினாலும் அடுத்த வாரமே 'குடும்பத்துக்கு ஆகாது' என்று எழுதிவிடுவார். அவர் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். அவர் ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார், பையன் காதில் ஹெட்போன், அந்த அம்மாள் அடுப்படியில் ரேடியோவோடு. மூன்று பேரும் சேர்ந்து கேட்டது குக்கர் விசிலைத்தான்.

சரி, ஹென்றி கவ். 1968-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிரெட் பிரித், டிம் ஹாட்ஜ்கின்சன் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது. 1973-ல் வர்ஜின் என்ற ரெக்கார்டு கம்பெனி இவர்களை எடுத்துக்கொண்டது. முதல் மூன்று ஆல்பங்களின் அட்டையிலும் ஆள் படம் கிடையாது. ஒற்றைக் காலுறை மட்டும். ரே ஸ்மித் என்ற ஓவியர் பெயின்டாலேயே பின்னியது. மூன்றாவது ஆல்பத்தில் அது சிவப்பாகிவிட்டது, குழுவின் அரசியலைப் போலவே. ஜோடிக் காலுறை கடைசிவரை வரவில்லை.

கலந்தது என்கிறாரே நண்பர், அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. இவர்கள் எதையும் கரைப்பதில்லை. லிண்ட்சே கூப்பர் பசூன் வாசிப்பார். சிம்பொனி மேடையில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நீளமான மரக்குழல் அது. இங்கே பிரித்தின் மின்சார கிட்டாருக்கு நேர் எதிரே நின்று வாய்ச்சண்டை போடுகிறது. கிறிஸ் கட்லரின் டிரம்ஸ் உங்கள் காலுக்குத் தாளம் எடுத்துக் கொடுக்காது. எழுதி வைத்து வாசிக்கும் கணக்கான பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று மனோதர்மத்துக்குத் தாவிவிடுவார்கள். உங்கள் வீட்டார் எழுந்து போனது அந்த இடத்தில்தான் இருக்கும்.

யாருக்காக என்றால், சிரிக்காதீர்கள், குடும்பங்களுக்காகவும்தான். இத்தாலியில் கம்யூனிஸ்ட் கட்சி நடத்திய 'உனிதா' திருவிழாக்களில் வாசித்திருக்கிறார்கள். பாட்டிகளும் பிள்ளைகளும் சாப்பாட்டுக் கடைகளுமாக இருக்கும் விழா அது. குழுவுக்குள்ளும் எல்லாவற்றையும் கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். 1976-ல் ஆறு பேரில் மூன்று பேர் பெண்கள். அன்றைய ராக் உலகில் இது அபூர்வம்.

சுயேச்சை என்பதும் பிறவிக் குணம் இல்லை. கம்பெனியோடு கசந்த பிறகு, 1978 மார்ச் 12 அன்று லண்டனில் இத்தாலி, சுவீடன், பெல்ஜியம், பிரான்ஸ் குழுக்கள் நான்கைக் கூட்டிவந்து ஒரே மேடையில் வாசித்தார்கள். 'நீங்கள் கேட்கக் கூடாது என்று ரெக்கார்டு கம்பெனிகள் நினைக்கும் இசை' என்று விளம்பரம். அதே வருடம் குழு கலைந்தது. கடைசி ஆல்பத்தைத் தாங்களே வெளியிட்டார்கள்.

குடும்பம் என்றீர்களே, அந்த மூன்று பெண்களில் ஒருவர் ஜார்ஜினா போர்ன். பேஸ் கிட்டாரும் செல்லோவும் வாசித்தவர், பிற்பாடு பேராசிரியர். இவருடைய தாத்தா, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன். அதே தாத்தாவின் இன்னொரு பேத்தி ஒலிவியா நியூட்டன்-ஜான்! இந்தக் குழு கலைந்த 1978-ல் 'கிரீஸ்' படத்தில் ஆடிப்பாடி உலகையே மயக்கியவர். அவரைக் குடும்பத்தோடு கேட்கலாம், உத்தரவாதம்.

அந்தத் தாத்தாவை நாஜிகள் வேலையிலிருந்து விரட்டிய பிறகு, 1935-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு அழைத்தவர் நம் சி.வி. ராமன். நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளப் பார்த்தார். அங்கிருந்த ஒரு ஆங்கிலேயப் பேராசிரியர் கூட்டத்தில் எழுந்து, போர்னை வைத்துக்கொண்டே அவரை இழிவாகப் பேசினார். காரியம் நடக்கவில்லை, போர்ன் எடின்பரோவுக்குப் போய்விட்டார். நடந்திருந்தால் ஜார்ஜினா மல்லேஸ்வரத்தில் வீணை கற்றிருப்பார், உங்கள் ஞாயிற்றுக்கிழமையும் பிழைத்திருக்கும். இன்றைய பல்கலைக்கழகக் கூட்டங்களைப் பற்றியும் எழுத எனக்கு ஆசைதான். வக்கீல் வேண்டாம் என்கிறார்.