முடிவை மட்டும் எழுதாதீர்கள்: துப்பறியும் நாவல், நீதிமன்ற நாவல் வாசகர்களுக்கான கேள்வி பதில்

குற்றவியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். துப்பறியும் நாவல்களையும் நீதிமன்ற நாவல்களையும் விடாமல் படிப்பவள். அவற்றைப் படித்தபோது தங்களுக்குள் என்ன நேர்ந்தது என்று எழுதிக் கேட்டவர்களுக்கு இங்கே முதலிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டு நிபந்தனைகள்: எந்த நாவலின் முடிவையும் கேள்வியில் எழுதாதீர்கள், உங்கள் சொந்த வழக்கைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நீலமை: நானூறு பக்கம் ஒரு வழக்கறிஞரோடு சேர்ந்து தவித்தேன். கடைசியில் அவருடைய கட்சிக்காரர் விடுதலையாகிறார். ஆனால் அவர் உண்மையிலேயே நிரபராதியா என்பதை ஆசிரியர் சொல்லவே இல்லை. ஏமாந்துவிட்டதாகத் தோன்றியது. குறை என்னிடமா, நாவலிடமா, மேடம்?

பதில்: இருவரிடமும் இல்லை. துப்பறியும் நாவல் ‘யார் செய்தது?’ என்று கேட்கிறது. நீதிமன்ற நாவல் ‘நிரூபிக்கப்பட்டதா?’ என்று கேட்கிறது. நீங்கள் முதல் கேள்விக்கு விடை தேடிக்கொண்டு போனீர்கள், ஆசிரியர் இரண்டாவதற்கு விடை கொடுத்தார். விடுதலைத் தீர்ப்புக்கு ‘இவர் செய்யவில்லை’ என்று பொருள் இல்லை. நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்பதுதான் பொருள். அந்த இடைவெளியில்தான் நல்ல நீதிமன்ற நாவல்கள் குடியிருக்கின்றன.

1958-இல் வெளிவந்த ‘அனாடமி ஆஃப் எ மர்டர்’ இதற்குச் சிறந்த உதாரணம். எழுதியவர் ராபர்ட் ட்ராவர். அது புனைபெயர், அவர் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஜான் வோல்க்கர். 1952-இல் குற்றம் சாட்டப்பட்டவருக்காகத் தாமே வாதாடிய ஒரு கொலை வழக்கைத்தான் நாவலாக்கினார். அதன் தொடக்கப் பகுதியில், சிறையில் கட்சிக்காரரைச் சந்திக்கிற வழக்கறிஞர், நடந்தது என்ன என்பதை முழுதாகச் சொல்ல விடுவதற்கு முன் ஒரு பாடம் நடத்துகிறார். கொலைக் குற்றச்சாட்டுக்குச் சட்டத்தில் என்னென்ன எதிர்வாதங்கள் உண்டு என்று வரிசையாகச் சொல்கிறார். ஒவ்வொன்றாக, இது உங்களுக்குப் பொருந்தாது, இதுவும் பொருந்தாது என்று கழித்துக்கொண்டே வருகிறார். எஞ்சி நிற்கும் வழியைக் கட்சிக்காரர் தாமாகவே பிடித்துக்கொள்கிறார். அதன் பிறகு அவர் சொல்வதில் எது நினைவு, எது கற்றுக்கொண்டது என்று உங்களால் பிரிக்க முடியாது. அந்த வழக்கறிஞராலும் முடியாது.

உங்கள் நாவலிலும் இப்படி ஓர் இடம் இருக்கும். திரும்பிப் போய், ‘இவர் நிரபராதி’ என்று நீங்கள் தீர்மானித்த பக்கத்தைத் தேடுங்கள். அந்தப் பக்கத்தில் சாட்சியம் ஏதாவது இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. வழக்கறிஞருக்கு அவரைப் பிடித்திருந்தது, அதனால் உங்களுக்கும் பிடித்தது. ஏமாற்றம் கடைசிப் பக்கத்தில் வெளிப்பட்டது, அவ்வளவுதான். அதன் விதை நூறாவது பக்கத்திலேயே விழுந்துவிட்டது.

புதுவாசகன்: தவறாமல் படிக்க வேண்டிய முதல் பத்து க்ரைம் நாவல்களைச் சொல்லுங்கள்.

பதில்: பட்டியல் தருவதில்லை. கடைசியாக எந்த நாவல் பிடித்தது, அதில் எந்த இடம் பிடித்தது என்று எழுதுங்கள், அடுத்தது எது என்று சொல்கிறேன்.

கரும்புள்ளி: கடைசி அத்தியாயத்தில் அதுவரை பெயரே வராத ஒருவரைக் கொலையாளி என்று கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன். கோபம் நியாயம்தானே?

பதில்: முழுக்க நியாயம். வாசகருக்கும் ஆசிரியருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உண்டு. அதை எழுத்திலேயே வைத்தவர்கள் இருக்கிறார்கள். 1929-இல் கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் கதாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் பத்துக் கட்டளைகள் எழுதினார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும் என்பது முதல் கட்டளையிலேயே வருகிறது. அடுத்த ஆண்டு லண்டனில் தொடங்கிய துப்பறியும் கதாசிரியர்களின் சங்கமான ‘டிடெக்ஷன் கிளப்’பின் உறுப்பினர்கள், தெய்வ வாக்கையும் தற்செயலையும் நம்பிக் கதையை முடிக்க மாட்டோம் என்று உறுதிமொழியே எடுத்தார்கள்.

ஆனால் வேறொரு வகைக் கோபமும் உண்டு, அதை இதோடு குழப்ப வேண்டாம். 1926-இல் அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ வெளிவந்தபோது வாசகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். மோசடி என்றார்கள் சிலர். டாரதி சேயர்ஸ் போன்ற துப்பறியும் கதாசிரியர்கள் அதன் பக்கம் நின்றார்கள். முடிவை இங்கே எழுத மாட்டேன். இரண்டாம் முறை படித்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன்: தடயங்கள் அனைத்தும் வாசகரின் கண்ணெதிரே கிடக்கின்றன. அங்கே நம்மைத் தோற்கடித்தது நம் அனுமானம். உங்கள் நாவலில் தோற்கடித்தது ஆசிரியரின் சோம்பல்.

வளர்பிறை: சாட்சிக் கூண்டில் வழக்கறிஞர் மடக்கி மடக்கிக் கேட்க, சாட்சி உடைந்து அழுது, ‘நான்தான் கொன்றேன்’ என்கிறார். அந்த இடத்தில் எனக்கு உடல் சிலிர்த்தது. உண்மையில் இப்படி நடக்குமா?

பதில்: நடப்பது மிக மிக அரிது. இந்த எதிர்பார்ப்பை நம்மிடம் வளர்த்ததில் பெரி மேசனுக்குப் பெரிய பங்கு உண்டு. அவரைப் படைத்த எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் தாமே வழக்கறிஞராக இருந்தவர். 1933-இல் தொடங்கி 80-க்கும் மேற்பட்ட மேசன் நாவல்களை எழுதினார். பலவற்றில் மேசன் வாதாடுவது முழு விசாரணையில்கூட அல்ல. வழக்குக்கு ஆதாரம் போதுமா என்று பார்க்கும் முதற்கட்ட விசாரணையில்தான்.

உண்மையான குறுக்கு விசாரணையின் வெற்றி வெளியே தெரியாது. முகத்தைத் தெளிவாகப் பார்த்தேன் என்கிறார் சாட்சி. எதிர்தரப்பு வழக்கறிஞர் விளக்குக் கம்பம் எந்தப் பக்கம் என்று கேட்கிறார். நீங்கள் எங்கே நின்றீர்கள்? அவர் உங்களைப் பார்த்துத் திரும்பினாரா? இப்படி இருபது கேள்விகள், குரல் உயராமல். கடைசியில் பதிவாவது ஒரே வரி: ‘விளக்கு அவருக்குப் பின்னால் இருந்தது.’ பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் நிழலில்தானே இருக்கும்? அதைச் சாட்சியிடம் கேட்பதில்லை. கேட்டால் சுதாரித்துக்கொள்வார். பல வாய்தாக்கள் கழித்து, இறுதி வாதத்தில், அந்த ஒரு வரி வழக்கைத் திருப்பும். இதைப் பொறுமையாக எழுதுகிற ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

திடீர்: இறுதி நாளில் யாரும் எதிர்பாராத சாட்சி கதவைத் திறந்துகொண்டு வருகிறாரே, அது?

பதில்: எந்தச் சாட்சி, எந்த ஆவணம் என்பதை முன்கூட்டியே மறுதரப்புக்குத் தெரிவிப்பதுதான் பெரும்பாலான சட்ட முறைகளில் பொது விதி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இல் ‘பிரேடி எதிர் மேரிலாண்ட்’ வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கிய ஆதாரத்தை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்றது. அமெரிக்க நாவல்களில் மறைக்கப்பட்ட கோப்பு ஒன்று கதையின் மையமாக வருகிறதென்றால் பெரும்பாலும் பின்னணி இதுதான். கதவைத் திறந்து வரும் சாட்சியைவிட, கொடுக்கப்படாத அந்தக் கோப்பு எனக்கு அதிகப் பதற்றம் தருகிறது.

கடைசிப்பக்கம்: நான் எந்தத் துப்பறியும் நாவலையும் கடைசி அத்தியாயத்திலிருந்துதான் தொடங்குவேன். யார் என்று தெரிந்த பிறகு நிம்மதியாகப் படிப்பேன். தோழிகள் இதைப் பெருங்குற்றமாகப் பேசுகிறார்கள்.

பதில்: குற்றமில்லை. 2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஜொனாதன் லெவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 12 சிறுகதைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவை முன்பே அறிந்து படித்தவர்கள் சராசரியாக அதிகம் ரசித்தார்கள். துப்பறியும் கதைகளிலும் அப்படித்தான்.

இரண்டாம் சாட்சி: குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும், மேடம். சிறுகதை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நாவலில் நான் நாள்கணக்காக ஒவ்வொருவரையும் சந்தேகித்துக்கொண்டே நடமாடுகிறேன். அந்தச் சந்தேகத்துக்காகத்தான் படிக்கிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பவர் நாவலைப் படிக்கவில்லை, சரிபார்க்கிறார்.

கடைசிப்பக்கம்: நீங்கள் விடையைத் துரத்துகிறீர்கள், அதனால் வரிகளைத் தாண்டி ஓடுகிறீர்கள். நான் ஒவ்வொரு வரியையும் பார்க்கிறேன். கொலையாளி தேநீர்க் கோப்பையை நீட்டும்போது என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உங்களுக்கு அது வெறும் உபசாரம்.

பதில்: இருவரும் சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். 2015-இல் பெஞ்சமின் ஜான்சன், ஜூடித் ரோசன்பாம் செய்த ஆய்வில் எதிர்மாறான முடிவு கிடைத்தது: முடிவு தெரியாதவர்களுக்குத்தான் விறுவிறுப்பும் ரசனையும் கூடுதலாக இருந்தன. அதுவும் சிறுகதைகளை வைத்துச் செய்ததே. ஆகவே ஆய்வைக் காட்டி நாவல் விஷயத்தில் யாரும் யாரையும் வாயடைக்க முடியாது.

என் கருத்து இது. சந்தேகம் வேறு, அச்சம் வேறு. யார் என்று தெரியாதவரை எல்லோர் மீதும் சந்தேகம். தெரிந்துவிட்டால் சந்தேகம் செத்துப்போகும், அச்சம் உயிர்பெறும். கோப்பையை நீட்டும் அந்தக் காட்சி இருவருக்கும் இரண்டு வெவ்வேறு காட்சிகள். ஆனால், கடைசிப்பக்கம், சந்தேகத்தின் மேலேயே முழுக் கட்டடத்தையும் எழுப்பிய நாவல்கள் உண்டு. முன்பே சொன்ன 1926 நாவலை நீங்கள் கடைசியிலிருந்து தொடங்கினால், வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே கிடைக்கக்கூடியதை இழப்பீர்கள். அச்சத்தோடு படிக்கும் இரண்டாம் வாசிப்பு எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். அதனால் முதல் முறை வரிசையாகப் படியுங்கள் என்பதே என் கட்சி.

கடைசிப்பக்கம்: முடிவு தெரிந்தால் பெரிய கேடில்லை என்றால், அதை எழுதக் கூடாது என்று ஏன் நிபந்தனை போட்டீர்கள்?

பதில்: நல்ல கேள்வி. நீங்கள் உங்கள் கையால் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள். இங்கே முடிவை எழுதுபவர் மற்றவர்களுக்காகப் புரட்டிவிடுகிறார். அந்த உரிமை அவருக்கு இல்லை.

மூன்றாம் வரிசை: நீதிமன்ற நாவலில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. தீர்ப்பு தெரிந்தாலும் அங்கே ஒன்றும் தெரிந்ததாகாது.

பதில்: அருமை. குற்றம் சாட்டப்பட்டவர் யார் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். ஆதாரம் தாங்குமா என்பதுதான் பதற்றம். நீலமைக்குச் சொன்னதை இரண்டே வரியில் சொல்லிவிட்டீர்கள்.

அலைபேசி: அண்மையில் வந்த ஒரு நாவலில் மனைவியே…

பதில்: மீதியை நீக்கிவிட்டேன். முடிவை எழுதாதீர்கள்.

விழிப்பு: இரவில் எடுத்தால் வைக்க முடிவதில்லை. தூக்கம் கெடுகிறது.

பதில்: அத்தியாயத்தின் முடிவில் நிறுத்தாதீர்கள், நடுவில் நிறுத்துங்கள். அத்தியாய முடிவுகள் உங்களை அடுத்ததற்கு இழுக்கவே எழுதப்படுகின்றன. வில்கி காலின்ஸின் ‘தி வுமன் இன் ஒயிட்’ 1859, 1860 ஆண்டுகளில் வார இதழ்த் தொடராக வந்தது. வாசகர் அடுத்த இதழையும் வாங்க வேண்டுமானால் ஒவ்வொரு பகுதியும் கொக்கியோடு முடிய வேண்டும். தொடர்கள் குறைந்தாலும் கொக்கி போகவில்லை.

ஆறாத்துயர்: பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்த துப்பறிவாளரை ஆசிரியர் சாகடித்துவிட்டார். ஆசிரியர் மேல் இவ்வளவு கோபம் வரலாமா?

பதில்: வரலாம். 1893-இல் ஷெர்லாக் ஹோம்ஸை கோனன் டாயில் அருவியில் தள்ளியபோது வாசகர்கள் பத்திரிகைச் சந்தாவையே நிறுத்தினார்கள். 1901-இல் பழைய வழக்கு ஒன்றைத் தொடராக எழுதினார். 1903-இல் ஹோம்ஸை உயிரோடு திருப்பிக் கொடுத்தார். எல்லா ஆசிரியர்களும் இறங்கி வர மாட்டார்கள்.

கூண்டு: கோர்ட்டில் சாட்சி திடீரென்று உண்மையை ஒப்புக்கொள்வது நிஜத்தில் நடக்குமா, மேடம்?

பதில்: வளர்பிறைக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

பெயர் வேண்டாம்: என் உறவினர் மீது ஒரு வழக்கு. நாவலில் வந்ததுபோல எதிரியின் சாட்சியை…

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். நாவலில் வந்த உத்தியை வழக்கில் கையாண்டால் உங்கள் உறவினர் சிறைக்குப் போவார், நீங்களும் போகலாம். சாட்சியை நீங்களோ உறவினரோ அணுகவே கூடாது. அவருடைய வழக்கறிஞரிடம் போங்கள். கட்டணம் கொடுக்க இயலாவிட்டால் இலவச சட்ட உதவி கேளுங்கள்.

கையெழுத்துப்படி: முதல் துப்பறியும் நாவலை எழுதி முடித்திருக்கிறேன். படித்துப் பார்த்த நண்பர்கள் பாதியிலேயே கொலையாளியைச் சொல்லிவிட்டார்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றுவதற்கு முன், எந்தப் பக்கத்தில் சந்தேகம் வந்தது, எதனால் வந்தது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். தடயத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்றால் கவலை வேண்டாம். அப்படிப்பட்ட வாசகர் ஆசிரியரோடு சமமாக விளையாடியவர், அவருக்கு மகிழ்ச்சிதான். ‘இவர் எதற்குக் கதையில் இருக்கிறார் என்றே தெரியவில்லை, அதனால் இவர்தான்’ என்றால் கோளாறு உங்களிடம். கதையில் வேறு வேலையே இல்லாத நல்லவரை வாசகர் உடனே பிடித்துவிடுவார். அவருக்கு உண்மையான வேலை ஒன்று கொடுங்கள்: ஒரு கடன், ஒரு காதல், கதாநாயகியோடு ஒரு சச்சரவு. மாற்ற வேண்டியது அதுவே.

நீதிக்கண்: சாட்சி கூண்டில் அழுது ஒப்புக்கொள்வது…

பதில்: இல்லை. மேலே பாருங்கள்.

தாமரைக்குளம்: சில நாட்களாக இந்த நாவல்களே கசக்கின்றன. முதல் அத்தியாயத்தில் ஒரு பெண்ணின் பிணம். அதன் பிறகு அவளைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. துப்பறிவாளரின் குடிப்பழக்கமும் மணமுறிவும்தான் கதை. எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா?

பதில்: எனக்கும் தோன்றுகிறது, அதுவும் கடுமையாக. வழக்குக் கட்டில் இறந்தவர் பிரேதப் பரிசோதனை அறிக்கையாகச் சுருங்கிவிடுகிறார்: காயம் ஒன்று, இடது முன்கை, நீளம் இவ்வளவு. நீதிமன்றத்துக்கு அது போதும், ஏனென்றால் அதன் வேலை வேறு. நாவலுக்கு அது போதாது. அந்த முன்கைக் காயம் தடுக்க முயன்ற கையில் விழுந்தது. அவள் போராடினாள். அதை எழுதாமல், காயத்தின் நீளத்தை மட்டும் எழுதி நகர்ந்துவிடும் ஆசிரியரை நான் மன்னிப்பதில்லை.

புத்தகத்தை எடுத்ததும் நான் செய்யும் சோதனையை உங்களுக்கும் சொல்கிறேன். நூறாவது பக்கம் வரும்போது, இறந்தவரைப் பற்றிக் காயங்களைத் தவிர என்ன தெரியும்? யாரோடு சண்டை, எதற்காகச் சேமித்துக்கொண்டிருந்தார், எதைப் பாதியில் விட்டுப் போனார்? ஒன்றும் தெரியவில்லை என்றால் மூடிவைத்துவிடுவேன். கொலையாளி யார் என்று தெரிந்துகொள்ளும் ஆவல்கூட எனக்கு வராது. நீங்களும் தயங்காமல் மூடிவையுங்கள். இறந்தவரிலிருந்தே தொடங்கி, அவர் வாழ்ந்த வாழ்க்கையைத் தோண்டி எடுப்பதையே விசாரணையாக எழுதும் நாவல்களும் இருக்கின்றன. இதுவரை படித்தவற்றில் உங்களைக் கசக்காமல் விட்டது எது என்று எழுதி அனுப்புங்கள். அங்கிருந்து தொடங்கி அடுத்ததைத் தேடலாம்.

இன்னும் பதில் கிடைக்காதவர்களில் பெரும்பாலோர் சாட்சிக் கூண்டைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். வளர்பிறைக்கு எழுதிய பதிலே உங்களுக்கும். மற்றவர்களுக்கு அடுத்த முறை எழுதுகிறேன்.