கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் ராத்திரி தரையில் மின்னிய கண்: பக்கியா, சருகுமானா?

டார்ச் அடித்ததும் கண் செக்கச்செவேலென்று, தரையை ஒட்டியே மின்னியதா? அப்படியென்றால் பெரும்பாலும் பக்கிதான், ராத்திரியில் பூச்சி பிடித்துத் தின்னும் பறவை. காலே இல்லாததுபோல வயிறு மண்ணில் பதிய உட்கார்ந்திருக்கும். பூச்சி பறந்தால் எழும்பிப் பிடித்துவிட்டு, பல நேரம் அதே இடத்துக்கே திரும்பும். கிட்டே போனால் சத்தமில்லாமல் எழும்பிவிடும்.

சருகுமானின் கண் ஒரு சாணுக்கு மேலே தெரியும். தோள் உயரம் சுமார் ஓர் அடி, எடை 2 முதல் 4 கிலோ. பெயரில்தான் மான்: கொம்பு கிடையாது, ஆணுக்கு மேல் கோரைப்பல் வெளியே நீண்டிருக்கும். மானின் இரைப்பையில் நான்கு அறை, இதற்கு மூன்றுதான். மிரண்டால் முதலில் அப்படியே உறைந்து நிற்கும். பிறகு சருகு சரசரக்கப் புதருக்குள் பாயும். உடம்பிலுள்ள வெள்ளைப் புள்ளி, கோடுகளைப் பார்த்து ‘தாயைத் தொலைத்த மான்குட்டி’ என்று தூக்கி வருவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அது வளர்ந்த சருகுமானாகவே இருக்கும்.

சந்தேகம் தீரவில்லையா? விடிந்ததும் ஈர மண்ணைப் பாருங்கள். பெருவிரல் நகமளவில் இரட்டைக் குளம்புத் தடம் இருந்தால் சருகுமான். பக்கி கூடு கட்டாது, வெறுந்தரையில்தான் முட்டையிடும். சருகுக்குள் கால் வைக்கும்போது பார்த்து வையுங்கள்.