நன்றியுரையில் ஒரு வரி

மதிப்பிற்குரிய ஐயா,

தனியார் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வேதாரண்யம் உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். அதிலிருந்து கட்டுரைகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் என் கைடின் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. அவர் ஒருநாள்கூட உப்பளத்துப் பக்கம் வந்ததில்லை. மேற்கோள்களை வைத்துப் போடும் எச்-இண்டெக்ஸ் எண் எனக்கு 2, அவருக்கு 19. பதவி உயர்வு நேர்காணலில் இந்த எண்ணைத்தான் முதலில் கேட்டார்கள். என்னோடு களத்துக்கு வந்த உள்ளூர்ப் பெண் பத்தாவது வரைதான் படித்தவர். பாதிப் பேட்டிகளை எடுத்தது அவர்தான். "மழைக்காலத்துல யாருகிட்ட கைமாத்து வாங்குவீங்க?" என்று அவர் ஒரு அம்மாவிடம் கேட்ட பிறகுதான் என் ஆய்வே கடனை நோக்கித் திரும்பியது. அவருக்கு ஒவ்வொரு கட்டுரையிலும் தவறாமல் நன்றி சொல்லியிருக்கிறேன். என் கைடுக்கு அந்த மனசுகூட இல்லை.

ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டார்கள் என்ற மேற்கோள் எண்ணிக்கை ஓர் ஆய்வாளரின் தாக்கத்தை உண்மையிலேயே அளக்குமா? மேற்கோள்களை எண்ணித் தரும் தளங்களில் ஸ்கோபஸை நம்புவதா, கூகுள் ஸ்காலரை நம்புவதா? என் பெயர் வேண்டாம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஸ்கோபஸா கூகுள் ஸ்காலரா என்பது உங்கள் கல்லூரி அலுவலகம் முடிவு செய்கிற விஷயம். அவர்கள் கேட்பதைக் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள். எச்-இண்டெக்ஸ் 2005ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் போட்ட கணக்கு. குறைந்தது 10 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 10 இருந்தால் எண் 10. வருடங்கள் போகப் போக ஏறும், இறங்கவே இறங்காது. காலமெல்லாம் துறையில் இருப்பவரின் 19ஐயும் நேற்றுப் பட்டம் வாங்கிய உங்கள் 2ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்த நேர்காணல் குழுவுக்கு வெட்கம் இருக்க வேண்டும். நீங்கள் வருத்தப்பட இதில் ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெயர் முதலில் இருக்கிறதா இரண்டாவதாக இருக்கிறதா என்று இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. உங்கள் கட்டுரைக்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் கைடின் கணக்கில் ஏறுவதுபோலவே உங்கள் கணக்கிலும் முழுசாக ஏறும். பூஜ்யம் கிடைப்பது ஆசிரியர் பட்டியலுக்கு வெளியே நிற்பவருக்கு மட்டும்தான். அந்த இடத்தில் நிற்பது நீங்கள் இல்லை.

இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

மேற்கோள்களை எண்ணும் வேலையைப் பெரிய அளவில் ஆரம்பித்தவர் யூஜின் கார்ஃபீல்டு. அமெரிக்க வக்கீல்கள் ஒரு தீர்ப்பைப் பிற்காலத்தில் எந்தெந்த வழக்குகள் எடுத்தாண்டன என்று பார்க்க, ஷெப்பர்டு பெயரிலான பட்டியலை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வைத்திருந்தார்கள். அதையே அறிவியலுக்கும் செய்யலாம் என்று கார்ஃபீல்டு 1955ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். 1964ல் பிலடெல்பியாவிலிருந்து அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. ஒரு கட்டுரையின் பின்கதையைத் தேடிப் போகிறவர்களுக்காகப் போட்ட பாதை அது. பதவி உயர்வுக்கு அளவுகோலானது பிறகு வந்த வினை.

அந்த அட்டவணை அச்சில் வந்த காலத்தில் அதைப் புரட்டியிருக்கிறேன். எண்பதுகளில் வேதியியல் ஆய்வு மாணவனாக இருந்தேன். மெல்லிய தாள், பொடி எழுத்து, தூக்கினால் கை வலிக்கும் தொகுதிகள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூத்தவரான ஓர் அக்கா, தன் கட்டுரைகளை வெளிநாட்டில் யாராவது எடுத்தாண்டிருக்கிறார்களா என்று பார்க்க என்னையும் நூலகத்துக்கு அழைத்துப்போனார். அவர் பெயருக்குரிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அச்சு அட்டவணையில் மேற்கோள்கள் முதல் ஆசிரியரின் பெயரின் கீழ் மட்டும்தான் வரும். எல்லாக் கட்டுரைகளிலும் இரண்டாவதாக இருந்த அக்கா, அந்தப் புத்தகத்தைப் பொறுத்தவரை ஆய்வே செய்யவில்லை. எங்கள் பேராசிரியர் பெயரின் கீழே அக்காவின் சோதனைகள் வரிசையாக இருந்தன. கார்ஃபீல்டின் ஆட்கள் யாரையும் ஏமாற்றவில்லை. கட்டுரையின் தலையில் இருந்ததைத்தான் அவர்கள் எடுத்துப் போட்டார்கள். அநியாயம் எண்ணத் தொடங்குவதற்கு முன்பே, பெயர் எழுதிய மேசையில் நடந்து முடிந்துவிட்டது.

விஞ்ஞானிகளின் உலகை ஆராயும் சமூகவியலின் பெரிய மனிதர் ஒருவரே இப்படிச் செய்திருக்கிறார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஹாரியட் ஸுக்கர்மன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆய்வு மாணவி. அறுபதுகளில் அமெரிக்காவிலிருந்த நோபல் விஞ்ஞானிகள் 41 பேரை நேரில் கண்டு பேட்டி எடுத்தார். தனக்கும் ஓர் இளைஞருக்கும் சேர்ந்து ஒரு கண்டுபிடிப்பில் பங்கு இருந்தால் பெருமை தனக்கே வந்து சேர்கிறது என்று அவர்களில் பலர் அவரிடம் மனம் விட்டுச் சொன்னார்கள். நோபல் பரிசு பெற்றவரின் வாயிலிருந்து அதை வரவழைப்பது லேசான காரியமா? எந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும், எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

1968 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் 'அறிவியலில் மத்தேயு விளைவு' என்ற கட்டுரை வந்தது. உள்ளவனுக்குக் கொடுக்கப்படும், இல்லாதவனிடம் உள்ளதும் எடுத்துக்கொள்ளப்படும் என்ற மத்தேயு சுவிசேஷ வசனத்திலிருந்து வந்த பெயர். புகழ் பெற்றவருக்கே மேலும் புகழ் சேரும் என்பது வாதம். ஆசிரியர், கொலம்பியாவின் சமூகவியல் பேராசிரியர் ராபர்ட் மெர்ட்டன். அவர் ஒருவர்தான். அந்த வாதத்துக்கு உயிர் கொடுத்தவை ஸுக்கர்மனின் பேட்டிகள்.

மெர்ட்டன் அவற்றை மறைக்கவில்லை. ஸுக்கர்மன் எடுத்த பேட்டிகள் என்று கட்டுரையிலேயே சொன்னார், அடிக்குறிப்புகளில் அவருடைய ஆய்வைக் காட்டினார். மேற்கோள் முறைப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. இந்த இடத்தை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒருவரை ஒழுங்காக மேற்கோள் காட்டிக்கொண்டே, அவருக்குரிய ஆசிரியர் இடத்தைக் கொடுக்காமல் இருந்துவிட முடியும். மேற்கோளையே அதற்குச் சமாதானமாகவும் சொல்லிக்கொள்ள முடியும். 1973ல் அந்தக் கட்டுரை தொகுப்பில் மறுபடி வந்தபோது மெர்ட்டன் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார். ஸுக்கர்மனின் பேட்டிகளையும் பிற தரவுகளையும் தான் பயன்படுத்திய அளவைப் பார்த்தால் இது இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டிய கட்டுரை என்பது தாமதமாகத் தனக்குப் புலப்படுகிறது என்று அதில் எழுதினார். மெர்ட்டன்மேல் எனக்கு மரியாதை கூடியது அந்த வரியால்தான். ஆனால் அடிக்குறிப்பில் ஒப்புக்கொண்டதை எந்த அட்டவணையும் ஆசிரியர் பங்காக எண்ணுவதில்லை. இன்றைக்கும் அந்தக் கட்டுரை மெர்ட்டன், 1968 என்றுதான் எடுத்தாளப்படுகிறது. உள்ளவனுக்கே கொடுக்கப்படும் என்று நிறுவிய கட்டுரைக்குக் கிடைக்கும் ஒவ்வொரு மேற்கோளும் உள்ளவருக்கே போய்ச் சேருகிறது.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள். பாதிப் பேட்டி எடுத்தது யார்? ஆய்வைத் திருப்பிய கேள்வியைக் கேட்டது யார்? வடகிழக்குப் பருவமழையில் பாத்தி முழுக்கத் தண்ணீர் நின்று வேலை நின்றுபோகும் மாதங்களில்தான் அந்த வீடுகளில் கடன் ஏறுகிறது என்று உப்பளத்து வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். கடனைப் பற்றிக் கேட்கத் தோன்றாத உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. "அந்த மனசுகூட இல்லை" என்று கைடைத் திட்டுகிறீர்கள். அவர் உங்களுக்குச் செய்த அநியாயத்தைவிட நீங்கள் அந்தப் பெண்ணுக்குச் செய்த அநியாயம் பெரியது. உங்கள் பெயராவது ஆசிரியர் வரிசையில் இருக்கிறது அம்மா.

கோபப்படாதீர்கள். களத்தில் வேலை செய்பவரை நன்றியுரையில் நிறுத்துவதுதான் முறை என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் எழுதவில்லையே, எழுதாதவர் எப்படி ஆசிரியர் ஆவார் என்று கேட்பீர்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவின் விதிகளில் இதற்குப் பதில் இருக்கிறது. தரவு திரட்டுவது போன்ற முக்கியப் பங்களிப்போடு, எழுதுவது அல்லது திருத்துவது, இறுதி வடிவத்தை ஒப்புக்கொள்வது, பொறுப்பேற்பது என்று நான்கும் வேண்டும் என்கிறார்கள். கூடவே, பங்களித்தவருக்கு எழுதவும் திருத்தவும் வாய்ப்புக் கொடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு அதையே காரணம் காட்டி அவரை வெளியே தள்ளக்கூடாது என்றும் சொல்கிறார்கள். மருத்துவத்துக்குச் சரி என்பது சமூகவியலுக்கு மட்டும் ஆகாதா?

கைடு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். களத்துக்கு வராதவர், எழுதாதவர், கைடு என்பதற்காக மட்டும் முதல் பெயராக நிற்பது அயோக்கியத்தனம். உங்கள் வேலைக்கு ஆபத்தில்லாத நிலை வந்ததும் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அது காத்திருக்கலாம்.

இது காத்திருக்க வேண்டாம். அடுத்த கட்டுரையை எழுதியதும் வேதாரண்யத்துக்குப் போய் அந்தப் பெண்ணுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். தவறு சொன்னால் திருத்துங்கள், அவர் சொல்வதைச் சேருங்கள். பெயர் போடட்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. சம்மதித்தால் ஆசிரியர் வரிசையில் போடுங்கள். கல்லூரிப் பெயர் கேட்கும் கட்டத்தில் அவர் ஊர்ப் பெயரை எழுதுங்கள். ஏற்கெனவே வந்த கட்டுரைகளில் பெயர் சேர்க்க முடியுமா என்று இதழ்களுக்கும் எழுதிப் பாருங்கள். பொதுவாக எல்லா ஆசிரியர்களின் ஒப்புதலையும் கேட்பார்கள், அப்போது உங்கள் கைடிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். தயங்காமல் போய்க் கேளுங்கள்.